காசில்லாத வருஷம்

பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில், சுண்ணாம்பு டப்பாவுக்கும் பாக்குவெட்டிக்கும் நடுவே ஒரு செப்புக்காசு கிடக்கும். ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுபக்கம் இலை வளையத்துக்குள் காலணா என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, வருஷம் 1858. சுண்ணாம்பும் எச்சில் கையும் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது. பாட்டிக்கு நாகர்கோவில் பக்கம், அதாவது பழைய திருவிதாங்கூர். சக்கரமும் பணமும் தனியாகப் புழங்கிய நாட்டுக்குள் கம்பெனிக் காலணா எப்படி வந்தது என்று கேட்டால், “ஆராவது பாண்டிக்குப் போனப்பம் கொண்டு வந்திருப்பாவ மக்களே” என்று முடித்துவிடுவாள். பாண்டி என்றால் அவளுக்குத் திருவிதாங்கூருக்கு வெளியே உள்ள தமிழ்ச்சீமை.

பாட்டிக்குப் பிறகு காசு என்னிடம் வந்தது. கூட இன்னும் நாலைந்து சேர்த்தேன். சேர்க்கும்போதுதான் கவனித்தேன். 1858 நவம்பர் 1 அன்று அலகாபாத்தில் விக்டோரியா ராணியின் பிரகடனத்தை வாசித்தார்கள். கம்பெனி ஆட்சி அத்தோடு சரி. ஆனால் ராணியின் தலை போட்ட காசு 1862 வருஷம் பொறித்துத்தான் வருகிறது. நடுவில் என் டப்பாவில் ஒரு ஓட்டை. காசு கிடைக்காத அந்த வருஷங்களில் என்னதான் நடந்தது என்று 1859-ஐத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை. நாலு வருஷமாக அந்த வருஷத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் என்னை உள்ளே இழுத்தது ஒரு தலைமையுரை. லண்டன் லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் சங்கத்தின் தலைவர் தாமஸ் பெல், 1859 மே மாதம், கடந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறார். துறையையே புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் அந்த ஆண்டில் அமையவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். 1858 ஜூலை 1 அன்று அதே சங்கத்தில்தான் உயிரினங்கள் எப்படி மாறிவந்தன என்று டார்வினும் வாலஸும் எழுதிய இயற்கைத் தேர்வுக் கட்டுரைகள் வாசிக்கப்பட்டிருந்தன. பெல் முட்டாள் இல்லை. நல்ல விலங்கியலாளர், டார்வின் கொண்டுவந்த ஊர்வனவற்றை ஆராய்ந்து எழுதியவர். அவர் காதுக்கு நேராகப் போனது அவருக்கே கேட்கவில்லை. அதைப் படித்ததிலிருந்து, அந்த வருஷத்து ஆட்கள் எதைப் பெரிதென்று நினைத்தார்கள், எதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

அவர்கள் பெரிதாகப் பார்த்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 18 அன்று 1857 கிளர்ச்சியின் தளபதி தாந்தியா தோப்பேயைத் தூக்கிலிட்டார்கள். ஜூலை 8 அன்று வைஸ்ராய் கானிங் பிரபு இந்தியாவில் அமைதி திரும்பிவிட்டதாக அறிவித்தார். ஏப்ரல் 25 அன்று சூயஸ் கால்வாய்க்கு லெசப்ஸ் முதல் மண்வெட்டு போட்டார். ஜூன் 30 அன்று பிளாண்டின் என்ற பிரெஞ்சுக்காரர் நயாகரா மேல் கயிற்றில் நடந்தார். ஜூலையில் லண்டனில் பிக் பென் மணி அடிக்கத் தொடங்கியது. செப்டம்பரிலேயே விரிசல் விட்டது. சொன்ன எடையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமான சுத்தியலைப் போட்டால் விடாதா? அந்த விரிசலோடுதான் இன்றைக்கும் அடிக்கிறது.

ஒரு பன்றிக்கதையும் உண்டு. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே எல்லைத் தகராறில் இருந்த சான் யுவான் தீவில், ஜூன் 15 அன்று ஓர் அமெரிக்கக் குடியானவர் தன் உருளைக்கிழங்குத் தோட்டத்தை மேய்ந்த ஹட்சன் பே என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பன்றியைச் சுட்டார். அதற்குப் போர்க்கப்பல்களும் பட்டாளமும் வந்து எதிரெதிரே நின்றன. கடைசிவரை செத்தது அந்தப் பன்றி ஒன்றுதான். தீவு யாருக்கு என்று ஜெர்மன் பேரரசர் தீர்ப்புச் சொல்ல 1872 ஆயிற்று. நம் ஊர் வரப்புத் தகராறுகளே பரவாயில்லை.

சரி, சூரியனுக்கு வருவோம்.

ரிச்சர்ட் காரிங்டன் 33 வயது வானியலாளர். அப்பா இறந்துபோனதால் குடும்பத்து மது வடிக்கும் தொழிலையும் அவரே கவனிக்க வேண்டியிருந்தது. லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில்லில் வீட்டோடு சேர்ந்த ஆய்வகம். தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை ஒரு திரையில் விழவைத்து, அதில் கரும்புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று வெயில் அடிக்கும் நாளெல்லாம் வரைந்துகொண்டிருப்பார். 1859 செப்டம்பர் 1, வியாழக்கிழமை, காலை 11 மணி 18 நிமிடம். பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்றின் மேல் திடீரென்று இரண்டு வெள்ளை ஒளித் திட்டுகள். திரையில் எங்கோ ஓட்டை விழுந்து வெளி வெயில் நேராக உள்ளே வருகிறதென்றுதான் முதலில் நினைத்தார். கருவியை அசைத்துப் பார்த்தார். பிம்பத்தோடு சேர்ந்து திட்டும் நகர்ந்தது. அப்படியானால் அது சூரியனிலேயே இருக்கிறது. சாட்சிக்கு யாரையாவது கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்து பார்த்தால் ஒளி பாதிக்கு மேல் மங்கிவிட்டிருந்தது. மொத்தம் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். நல்லவேளை, லண்டன் ஹைகேட்டில் ஹாட்ஜ்சன் என்ற இன்னொருவரும் அதே நேரம் தன் தொலைநோக்கியில் அதைப் பார்த்திருந்தார்.

பதினேழரை மணி நேரம் கழித்து அந்த வெடிப்பு கிளப்பிய காந்தப் புயல் பூமிக்கு வந்து சேர்ந்தது. துருவப் பக்கம் மட்டும் தெரிய வேண்டிய ஒளித்திரை கியூபாவரை இறங்கிவந்து வானத்தைச் சிவப்பாக்கியது. ராக்கி மலையில் தங்கம் தோண்டியவர்கள் விடிந்துவிட்டதென்று எழுந்து காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். தந்தி ஆபீஸ்களில் கம்பியிலிருந்து பொறி பறந்தது. பாஸ்டனிலும் போர்ட்லாந்திலும் இருந்த இரண்டு தந்தி ஊழியர்கள் செய்த காரியம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. பாட்டரியால் பிரயோஜனம் இல்லை, மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. உன் பக்கத்து பாட்டரியைக் கழற்று, நானும் கழற்றுகிறேன் என்று ஒருவர் தட்டினார். கழற்றினார்கள். பாட்டரியே இல்லாத கம்பியில் செய்தி ஓடியது. எப்படிக் கேட்கிறது என்றார் ஒருவர். பாட்டரி இருந்தபோது கேட்டதைவிட நன்றாக இருக்கிறது என்றார் மற்றவர். சுமார் இரண்டு மணி நேரம் இருவரும் வானத்து மின்சாரத்திலேயே வேலை பார்த்தார்கள்.

நம் பக்கத்திலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. மும்பை கொலாபா ஆய்வகத்தில் காந்தமானியைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று பூமியின் காந்தப்புலம் சுமார் 1600 நானோடெஸ்லா சரிந்ததை யாரோ ஓர் ஊழியர் வரிசை வரிசையாகக் குறித்திருக்கிறார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்தப் புயலை அளக்க விஞ்ஞானிகள் தேடிப்போனது அந்தப் பதிவேட்டைத்தான். குறித்த கைக்குத் தான் எதைக் குறிக்கிறோம் என்று தெரிந்திருக்க வழியில்லை. சூரியனில் தான் பார்த்ததையும் பூமியில் நடந்ததையும் முடிச்சுப்போடக் காரிங்டனே தயங்கினார். ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றுதான் எழுதினார். இன்றைக்கு அப்படி ஒன்று அடித்தால் செயற்கைக்கோளும் மின்கட்டமைப்பும் என்னாகும் என்று பல நாடுகளில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சூரியன் வெடிப்பதற்கு நாலே நாள் முன்னால், பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒருவர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். எட்வின் டிரேக், முன்னாள் ரயில்வே நடத்துனர். அவரை எண்ணெய் தேட அனுப்பியதற்கு ஒரு காரணம், ரயிலில் அவருக்குக் காசில்லாமல் போக முடியும் என்பது! ஊர்க்காரர்கள் மதிக்கட்டும் என்று முதலாளிகள் அவருக்கு முன்கூட்டியே ‘கர்னல் டிரேக்’ என்று முகவரி போட்டுக் கடிதம் அனுப்பிவைத்தார்கள். பட்டாளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது.

அந்த ஊர் ஓடையில் எண்ணெய் மிதக்கும். போர்வையில் நனைத்துப் பிழிந்து மருந்தாக விற்பார்கள். உப்புத்தண்ணீருக்குப் போடுவதுபோல ஆழ்துளை போட்டால் என்ன என்பதுதான் யோசனை. தோண்டத் தோண்ட ஓடைத் தண்ணீர் ஊறி மண் சரிந்தது. டிரேக் ஒன்று செய்தார். இரும்புக் குழாயை 32 அடிக்கு, பாறை தட்டும்வரை அடித்து இறக்கி, அந்தக் குழாய்க்குள்ளே துளை போட்டார். நம் ஊரில் போர் போட்ட யாருக்கும் இது தெரியும். “பாறை தட்டுற வரைக்கும் கேசிங் இறக்கணும் சார், அதுக்குத் தனி ரேட்டு” என்று போர்வெல் வண்டிக்காரர் சொல்வாரே, அந்தக் கேசிங்தான். டிரேக் அதற்குக் காப்புரிமைகூட வாங்கி வைக்கவில்லை.

பாறையில் நாளுக்கு மூன்றடிதான் இறங்கியது. ஆகஸ்ட் 27 சனிக்கிழமை 69½ அடியில் உளி ஒரு வெடிப்புக்குள் நழுவியது. வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, துளை போட்டுக்கொண்டிருந்த கொல்லர் ‘அங்கிள் பில்லி’ ஸ்மித் குழாய்க்குள் எட்டிப்பார்த்தால், எண்ணெய் மேலே வந்து நிற்கிறது. கடனை அடைத்துவிட்டு மூடிவிட்டு வா என்று முதலாளி அனுப்பிய கடிதம் அப்போது வழியில் வந்துகொண்டிருந்தது.

உலகத்தின் முதல் எண்ணெய்க் கிணறு என்று இதைச் சொல்வது சரியில்லை. பர்மாவில் ஏனங்யாங்கில் கையாலேயே கிணறு வெட்டி நூற்றாண்டுகளாக எண்ணெய் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் திமிங்கிலக் கொழுப்பில் விளக்கெரித்த ஊர்களில் மண்ணெண்ணெய் புகுந்தது டிரேக்குக்குப் பிறகு வேகமெடுத்தது. அந்த வேகம்தான் கடல் தாண்டி நம் வீடுகளுக்கும் கிருஷ்ணாயில் என்ற பெயரில், சிம்னி விளக்கும் அரிக்கேனுமாக வந்தது. பெட்ரோல் அப்போது யாருக்கும் வேண்டாத கழிவு. டிரேக் பணத்தையெல்லாம் தொலைத்து, கடைசியில் மாநில அரசு கொடுத்த உதவித்தொகையில் காலம் தள்ளினார்.

அதே வேனிலில் வடக்கு இத்தாலியில் ஜெனீவா வியாபாரி ஒருவர் பிரெஞ்சுப் பேரரசரைத் தேடிப்போனார். ஆன்ரி டுனான், 31 வயது. அல்ஜீரியாவில் அவருடைய மாவு ஆலைக்கு நிலமும் தண்ணீரும் வேண்டும், அதிகாரிகள் இழுத்தடிக்கிறார்கள், நேராக மூன்றாம் நெப்போலியனிடமே மனு கொடுத்துவிடலாம் என்று வெள்ளை உடுப்பில் கிளம்பிவிட்டார். கையில் பேரரசரைப் புகழ்ந்து தானே எழுதிய புத்தகம் வேறு. ஆட்சியாளரைப் பார்க்கச் சால்வையோடு கிளம்புகிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு.

ஜூன் 24 அன்று சோல்ஃபெரினோவில் பிரெஞ்சு – சார்டீனியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் மோதின. இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் மூன்று லட்சம் பேர். மூன்று மன்னர்களும் களத்தில். மாண்டவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சுமார் 40,000. டுனான் தங்கியிருந்த காஸ்டிலியோனே என்ற சிற்றூருக்குள் காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தார்கள். பெரிய கோயிலில் வைக்கோலைப் பரப்பிக் கிடத்தினார்கள். தண்ணீர் இருந்தது, கொடுக்க ஆள் இல்லை. மனுவை மறந்துவிட்டு டுனான் உள்ளே இறங்கினார். தன் வண்டிக்காரரை பிரெஷியா நகரத்துக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்ன சாமான்களை அவர் பிறகு எழுதியிருக்கிறார்: எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சட்டைகள், பஞ்சு, கட்டுத்துணி, குண்டூசி, சுருட்டு, புகையிலை. சுருட்டு எதற்கு என்று நான் யோசித்தேன். கோயிலுக்குள் அழுகல் வாடை தாங்கவில்லை. புகை அதைக் கொஞ்சம் அடக்கும். இங்கே ஆஸ்திரியன், அங்கே பிரெஞ்சுக்காரன் என்று பிரிக்காமல் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். ‘எல்லோரும் சகோதரர்’ என்பதுதான் அவர்கள் பேச்சு.

தண்ணீர் உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1862-ல் பார்த்ததைப் புத்தகமாக எழுதி, 1600 பிரதி சொந்தச் செலவில் அடித்து, ஐரோப்பாவின் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அனுப்பினார். 1863-ல் ஜெனீவாவில் ஐவர் கூடி ஆரம்பித்த குழுதான் செஞ்சிலுவைச் சங்கமானது. 1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம். 1867-ல் டுனான் திவால். 1901-ல் முதல் அமைதி நோபல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்து வாங்கியபோது முதியோர் விடுதி போன்ற ஓர் இடத்தில் ஒற்றை அறையில் இருந்தார்.

இதெல்லாம் தூரதேசம். பாட்டியின் ஊரிலேயே ஒன்று நடந்திருக்கிறது. ஆனால் அதைப் பற்றிப் பாட்டி ஒரு நாளும் சொன்னதில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாரை மறைத்துத் தோள்சீலை போடக்கூடாது என்பது வழக்கம். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போடத் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகளாகக் கலகம். 1858-ல் ராணியின் பிரகடனம் வந்ததும், பழைய வழக்கங்களில் சர்க்கார் கைவைக்காது என்று ஒரு தரப்பு அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டு சந்தைகளில் பெண்களின் சீலையைப் பிடித்துக் கிழித்தது. 1859 ஜனவரியில் நாகர்கோவில் வட்டாரத்தில் வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. புதிதாக வந்த சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கினார். உத்திரம் திருநாள் மகாராஜாவும் திவான் மாதவ ராவும் ஜூலை 26 அன்று ஆணை விட்டார்கள்.

அந்த ஆணையின் வாசகத்தைப் படித்தால் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாது. கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம். முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கட்டலாம். எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது! கொடுத்த கையே பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டது. என் பாட்டிக்குப் பாட்டி அந்தச் சந்தைகளில் நடந்திருப்பாள். அந்தக் காலணாவும் அந்தப் பிரகடனமும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கடைசியாக அக்டோபர். நான் பள்ளிக்கூடம் படித்தது நாகப்பட்டினத்தில். மழைக்காலத்தில் ரேடியோவில் “மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது” என்றால் துறைமுகத்துக்கு ஓடிப்போய்ப் பார்ப்போம். கம்பத்தில் என்னவோ தொங்கும். அதன் கதை 1859-ல் இருக்கிறது என்று அப்போது தெரியாது.

‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் மெல்போர்னிலிருந்து இரண்டு மாதம் பயணம் செய்து லிவர்பூலுக்கு ஒரு நாள் தூரத்தில் வந்துவிட்டது. உள்ளே ஆஸ்திரேலியாவில் தங்கம் எடுத்துச் சம்பாதித்துத் திரும்புகிறவர்கள். அக்டோபர் 25 இரவு பெரும்புயல். மறுநாள் விடியலில் வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவுக் கரையில் பாறையில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். தப்பித்தவர்கள் 40 பேர் போல. அதில் ஒரு பெண் இல்லை, ஒரு குழந்தை இல்லை. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். மால்டாவைச் சேர்ந்த மாலுமி ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப் போனதால்தான் அந்தக் கொஞ்சம் பேராவது பிழைத்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த தங்கமே சிலரைக் கீழே இழுத்தது.

பிரிட்டனின் வானிலைத் துறைக்கு அப்போது தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். புயல் வருவதை முன்கூட்டியே அளந்து தந்தியில் துறைமுகங்களுக்குச் சொல்லியிருக்க முடியும் என்று அந்த விபத்தைக் காட்டி வாதாடினார். 1861 பிப்ரவரியில் எச்சரிக்கை தொடங்கியது. கித்தான் போர்த்திய கூம்பும் உருளையும் துறைமுகக் கம்பத்தில் ஏறின. நம் கூண்டுகளும் அதே குடும்பம்தான். அந்த ஆகஸ்டில் செய்தித்தாளில் தினசரி வானிலை முன்னறிவிப்பும் வந்தது. தவறும்போதெல்லாம் கேலி செய்தார்கள். இப்போது நாம் செய்வதுபோலத்தான்.

இதே ஃபிட்ஸ்ராய்தான் 1831-ல் ‘பீகிள்’ கப்பலின் தலைவராக, பேச்சுத்துணைக்கு ஒரு படித்த இளைஞர் வேண்டும் என்று தேடி 22 வயது டார்வினை ஏற்றிக்கொண்டு போனவர். புயல் அடித்து ஒரு மாதத்தில், நவம்பர் 24 அன்று டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ புத்தகம் வெளியானது. முதல் பதிப்பு 1250 பிரதி. ஒரே நாளில் மக்கள் முண்டியடித்து வாங்கியதாகச் சொல்வார்கள்; உண்மையில் எடுத்துக்கொண்டவர்கள் புத்தகக் கடைக்காரர்கள். டார்வின் அப்போது யார்க்‌ஷயரில் நீர்ச்சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். ஃபிட்ஸ்ராய் பக்தியுள்ள மனிதர். அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த விவாதத்தில் பைபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். 1865-ல் தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வருஷத்து மனிதர்களில் நான் ஒருவரோடு அரை மணி நேரம் பேச முடியுமென்றால் அது டார்வினாக இருக்காது.

வருஷம் முடியும் சமயம் ‘லைட்னிங்’ என்ற கப்பல் மெல்போர்னுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பார்வன் பார்க் என்ற பண்ணையின் சொந்தக்காரர் தாமஸ் ஆஸ்டின், இங்கிலாந்தில் சுட்டு விளையாடியதுபோல இங்கேயும் விளையாட ஆசைப்பட்டு ஊரிலிருந்து காட்டுமுயல் வரவழைத்திருந்தார். மொத்தம் 24. கிறிஸ்துமஸ் பரிசு மாதிரி வந்திறங்கின. புல்லில் விட்டார்கள். எட்டு வருஷத்தில் ராணியின் இரண்டாவது மகனே வந்து நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளும் அளவுக்குப் பெருகின. பிறகு கண்டத்தின் பயிரையும் புல்லையும் தின்றுகொண்டு மேற்கே நகர்ந்தன. 1901-ல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1800 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக வேலி போட ஆரம்பித்தது. 1907 வரை வேலை நடந்தது. அதற்குள், 1902-லேயே, வேலிக்கு அந்தப் பக்கம் முயல் நின்றுகொண்டிருந்தது.